ஹூஸ்டன் பெண்களும் எங்கள் சனிக்கிழமையும்

எங்கள் ஊர்ச் சங்கத் தலைவரின் கையில் ஒலிவாங்கி கிடைத்துவிட்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் பொஸ்ரனில் போய்த்தான் நிற்கும். தொழில்முறைக் கூடைப்பந்தில் பொஸ்ரன் அணி பதினெட்டுத் தடவை கிண்ணம் வென்றிருக்கிறது. லொஸ் ஏஞ்சலஸ் அணி பதினேழு தடவை. "ரெண்டே ரெண்டு ரீம்தான். மிச்சமெல்லாம் சும்மா ஓடித் திரியிற ஆக்கள்" என்பார். எங்கள் ரொறன்ரோ ஒரேயொரு தடவை வென்றதையும் விடமாட்டார். அந்த ஊர்வல நெரிசலில் தான் ஒற்றைச் சப்பாத்தைத் தொலைத்த கதையைச் சொல்லிச் சபையைச் சிரிக்கவைப்பார். நானும் பலமுறை சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைக்கும்போது இன்று என்மீதே கோபம் வருகிறது.

நான் அப்போது சங்கத்தின் செயலாளர். சமூகவியலில் பட்டம் பெற்றவள், படிவம் நிரப்பத் தெரிந்தவள் என்பதால் அந்தப் பதவி என் தலையில் வந்து விழுந்தது. ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் ஓர் உள்ளரங்கைச் சனிக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை கேட்டு மாநகரசபைக்கு விண்ணப்பம் எழுதியவள் நான்தான். அந்த நேரத்துக்குக் காத்திருக்கும் குழுக்கள் பல. பத்து வயது முதல் பதினாறு வயது வரையான இருபத்திரண்டு பெண்பிள்ளைகள் கூடைப்பந்து பழகப்போகிறார்கள் என்று எழுதியதால்தான் எங்களுக்கு முன்னுரிமை கிடைத்தது. சங்கத்தின் ஆண்கள் அணிக்கு ஏற்கெனவே வேறொரு நேரம் இருந்தது: ஞாயிறு காலை எட்டு மணி. அதை யாரும் விரும்பியதில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நான் பிள்ளைகளோடு உள்ளே போனபோது அரங்கில் ஆண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். தலைவர் வாங்கில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"உதென்ன அங்கிள்? இது பிள்ளையளின்ர நேரமெல்லோ?"

"மாத்தியாச்சு பிள்ளை. பெடியளுக்கு மார்ச்சில ரூர்ணமென்ற். பெட்டையள் இனி ஞாயிறு காலமை வரட்டும். அதுவும் ரெண்டு மணித்தியாலம், இதுவும் ரெண்டு மணித்தியாலம். உங்களுக்கென்ன நட்டம்?"

"ஆர் முடிவெடுத்தது?"

"நீர்தான்" என்றார். முகத்தில் குறும்புகூட இல்லை.

அவர் சொன்னது உண்மை. இலையுதிர் காலத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் தீர்மானங்களை வாசித்தது நான். எங்கள் சங்கங்களின் வழக்கம் தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விவரிக்கத் தேவையில்லை. கூட்டக் குறிப்பைச் செயலாளர் முதல்நாளே வீட்டில் எழுதிக்கொண்டு வந்துவிடுவார். முன்மொழிபவர், வழிமொழிபவர் என்ற இரண்டு இடங்களை மட்டும் வெறுமையாக விட்டிருப்பார். எவராவது கையை உயர்த்தினால் பெயரை நிரப்பி, 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று ஏற்கெனவே எழுதிய வரியோடு சேர்த்துவிடுவார். அன்று பின்வரிசை மேசையில் கொத்துரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. "பிள்ளை, கெதியா முடியும்" என்று இரண்டு பேர் குரல் கொடுத்தார்கள். பயிற்சி நேரங்கள் பற்றிய விவாதம் நீளும் என்று அஞ்சி, 'அரங்க நேர ஒழுங்குகளைத் தலைவர் வசதிப்படி தீர்மானிப்பார்' என்ற ஒரு வரியை நானே எழுதி, நானே முன்மொழிந்து, ஐந்து நிமிடத்தில் எல்லோரையும் சாப்பாட்டுக்கு அனுப்பிவைத்தேன். சபை கைதட்டியது. பெண்பிள்ளைகளின் சனிக்கிழமையை ஆறிக்கொண்டிருந்த கொத்துரொட்டிக்காகக் கொடுத்தவள் நான் என்பதை மறைக்க மாட்டேன்.

இரண்டும் இரண்டு மணித்தியாலம் என்பது கடிகாரத்தின் நியாயம். வோபர்னிலிருந்து வரும் மூன்று பிள்ளைகளுக்கு ஞாயிறு காலைப் பூசை. ரூஜிலிருந்து வரும் நால்வருக்குத் தமிழ் வகுப்பு. மல்வேர்னிலேயே இருப்பவர்களின் தாய்மார் பலர் இரவு வேலை முடித்து அந்த நேரத்தில்தான் வீடு திரும்புவார்கள். சின்னத் தம்பி தங்கையரை யார் பார்ப்பது? பெப்ரவரி முடிவதற்குள் இருபத்திரண்டு பேர் ஒன்பது பேராயினர். "பாத்தீரே, பெட்டையளுக்கு உதில விருப்பமில்லை" என்று ஒரு செயற்குழு உறுப்பினர் எனக்கு ஆறுதல் சொன்னார். வாசலை அடைத்துவிட்டு, வரவில்லையே என்று குறை சொல்வதை நான் வேலை செய்யும் அலுவலகத்திலும் நாள்தோறும் பார்க்கிறேன். அங்கே அதற்கு எதிராகக் கடிதம் எழுதுவேன். இங்கே பேசாமல் இருந்தேன்.

மார்ச்சில் ஆண்கள் அணி ஊர்ச் சங்கங்களுக்கிடையிலான கிண்ணத்தைத் தொடர்ந்து நான்காவது ஆண்டாகவும் வென்றது. பாராட்டு விழாவில் விளையாடிய பனியனுக்கு மேலேயே ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். வியர்வை காயாத தோள்களில் அந்தச் சரிகைத் துணி வழுக்கி வழுக்கி விழுந்தது. தலைவர் ஒலிவாங்கியை எடுத்தார், பொஸ்ரனுக்கு வந்தார்.

"ஏன் அவை பதினெட்டுத்தரம் வெண்டவை? வெல்லுறவைக்கு நல்ல கோர்ட், நல்ல நேரம், எல்லாம் குடுக்கவேணும். அதுதான் நாங்களும் செய்தனாங்கள். வெல்லுறவைக்குத்தான் இடம். உலகம் அப்பிடித்தான்."

முன்வரிசையில் இருந்த பெண்கள் அணித் தலைவி கையை உயர்த்தினாள். பதினைந்து வயது, இங்கேயே பிறந்தவள்.

"அங்கிள், ஹூஸ்டன்?"

"ஹூஸ்டன் ரெண்டுதரம்தான் தங்கச்சி."

"நோ, நோ. ஐ மீன் ஹூஸ்டன் பொம்பிளையளின்ர ரீம். லீக் தொடங்கின முதல் நாலு வருசமும் அவைதான் சாம்பியன். ஃபோர் இன் எ ரோ. உங்கட ரீம் மாதிரி."

சபையில் சிரிப்பு எழுந்தது. "அது வேற லீக் பிள்ளை. அதை இதுக்குள்ள சேர்க்கேலாது" என்றார் தலைவர், செல்லமாக.

"அந்த ரீமை பிறகு மூடிட்டினம், தெரியுமே? வாங்குறதுக்கு ஓனர் கிடைக்கேல்லையாம். வெல்லுறவைக்குத்தான் இடமெண்டா, அவைக்கு ஏன் இடமில்லை?"

"ஆரப்பா உந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தது? லோயராக்கி விடுங்கோ!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். மறுபடியும் சிரிப்பு. இந்த முறை நான் சிரிக்கவில்லை. அவள் கேட்டதற்கு விடை அந்த மண்டபத்தில் பலருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெற்றி இடத்தைப் பெற்றுத்தரும் என்பது இடம் ஏற்கெனவே உள்ளவர்கள் சொல்லும் கதை. நான்கு கிண்ணம் வென்ற பெண்களையே வீட்டுக்கு அனுப்பிய உலகம், ஒரு கிண்ணத்தையும் கண்டிராத எங்கள் பிள்ளைகளிடம் முதலில் வென்றுகாட்டு என்கிறது. ஓடிப் பழக இடம் இல்லாமல் எப்படி வெல்வது?

ஏப்ரலில் மாநகரசபையின் புதுப்பித்தல் படிவம் வந்தது. ஒரு கேள்வி: சென்ற பருவத்தில் இந்த நேரத்தைப் பயன்படுத்தியவர்கள் யார்? கீழே நான் கையொப்பமிட ஓர் இடம்.

நான்கு நாள் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டிருந்தேன். பொய் எழுதினால் இன்னோர் ஆண்டு சனிக்கிழமை சங்கத்திடம் இருக்கும். பேசிப் பேசி அதைப் பிள்ளைகளுக்கு மீட்கலாம் என்று நம்பவும் செய்யலாம். உண்மையை எழுதினால் அனுமதி போகும். வேறொரு குழு உள்ளே வரும். நான் காப்பாற்ற நினைக்கும் பிள்ளைகளுக்கே அது கிடைக்காது. ஐந்தாம் நாள்தான் எனக்குத் தெளிந்தது: அந்தப் பிள்ளைகளிடம் நானும் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. தலைவர் செய்ததையே வருத்தமான முகத்தோடு செய்துகொண்டிருந்தேன்.

ஞாயிறு பயிற்சி முடிந்து பஸ்சுக்காக நின்ற ஒன்பது பேரிடமும் படிவத்தைக் காட்டினேன். விட்டுப்போனவர்கள் சிலரைத் தொலைபேசியில் அழைத்தோம். அணித் தலைவி நெடுநேரம் யோசிக்கவில்லை.

"உண்மையை எழுதுங்கோ அக்கா. சனிக்கிழமை இப்பவும் எங்களிட்ட இல்லைத்தானே. வட் ஆர் வீ லூசிங்?"

எழுதினேன். ஜனவரியிலிருந்து வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆண்கள் என்று எழுதினேன். கையொப்பமிட்டு அனுப்பிய அன்றே செயலாளர் பதவியிலிருந்து விலகும் கடிதத்தையும் அனுப்பினேன். மூன்று வாரத்தில் அனுமதி ரத்தானது. இப்போது சனிக்கிழமை மூன்று மணிக்கு அங்கே வேறு யாரோ பூப்பந்து ஆடுகிறார்கள். ஞாயிறு காலை எட்டு மணியைச் சங்கம் மறுபடியும் ஆண்களுக்கே கொடுத்தது.

தலைவர் அழைத்தார். குரல் உடைந்திருந்தது, அவருடைய வேதனை நடிப்பென்று நான் எழுத மாட்டேன்.

"வெண்டுகொண்டிருந்த ரீமை மூடிப்போட்டீரே பிள்ளை. உமக்கு மனம் வந்ததே?"

"ரெண்டு ரீம் இருந்தது அங்கிள். நீங்கள் ஜனவரியில ஒண்டை மூடினதுக்கு ஆரும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டவையே?"

அவர் தொடர்பைத் துண்டித்தார். இரண்டு கலியாண வீடுகளில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது போகட்டும்.

பிள்ளைகள் இப்போது மல்வேர்னில் ஒரு திறந்தவெளித் தளத்தில், வலை அறுந்த வளையத்தின்கீழ் ஆடுகிறார்கள். மழை பெய்தால் இல்லை. பனிக்காலம் வந்தால் இல்லை. இப்போது பதினான்கு பேர் வருகிறார்கள், மற்றவர்கள் திரும்பி வரவில்லை. சங்கத்தின் பெயர் இல்லாமல், மூன்று தாய்மாரும் நானும் பொறுப்பாளர்களாகப் புதிய விண்ணப்பம் ஒன்றைத் தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து நிரப்பினோம். கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டி: உங்கள் குழுவின் சாதனைகள்.

"இதுக்கு என்னக்கா எழுதுறது?" என்றாள் அணித் தலைவி.

இரண்டு மணித்தியாலம் ஒரு கூரையின்கீழ் ஓடுவதற்குப் பிள்ளைகள் எதைச் சாதித்திருக்க வேண்டும் என்று அந்தப் பெட்டியிலேயே கேட்டு எழுத என் கை துடித்தது. எழுதினால் படிவத்தை ஒதுக்கி வைத்துவிடுவார்களோ என்று, பழக்கதோஷத்தில், விளைவை எண்ணிப்பார்த்தேன். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினேன். அவள் பெட்டியின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் பந்தோடு எழுந்து போனாள்.