துண்டுக்கு அடியில்

மாட்டின் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாயிரத்தின் தோளிலிருந்து துண்டு கைக்கு இறங்கிவிடும். துண்டுக்கு அடியில் அவர் கையும் வாங்க வந்தவன் கையும் விரல் பிடித்து விலை பேசும். முகத்தில் ஒன்றும் இராது. சங்கராபுரம் பக்கத்துச் சந்தைகளில் தரகர்கள் பலர். ‘கல்லு மூஞ்சி’ அவர் ஒருவர்தான். “மூஞ்சில தெரிஞ்சிட்டா யாவாரம் போச்சு” என்பார்.

அந்த முகம் மனைவி அமிர்தத்தையும் ஏமாற்றிவிட்டது. போன ஆடியில் அவர் சோற்றைக் குறைத்தபோது வயிற்று மந்தம் என்று கஷாயம் வைத்தாள். சந்தைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்தபோது சோம்பல் என்று திட்டினாள். சொந்த மாட்டைக்கூடத் தடவிக் கொடுக்காமல் கிடந்தபோதுதான் பயந்துபோய்க் கள்ளக்குறிச்சிக்கு இழுத்துப்போனாள்.

மனச்சோர்வு என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். மனதில் இருப்பதை வீட்டில் சொல்லச் சொன்னார்.

அதுதான் வரவில்லை. எப்போது கேட்டாலும், “ஒன்னுமில்ல.”

ஒருநாள் காலை கொடியிலிருந்த துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டாள். தன் கையை உள்ளே விட்டாள்.

“மனசு இன்னா வெல? நல்லா இருந்தா அஞ்சு வெரலயும் புடி.”

“பைத்தியமாடி நீ?”

“மாத்திர துன்னுக்கினு இருக்கறது யாரு? புடிய்யா.”

முகம் கல்லாகவே இருந்தது. துண்டுக்கு அடியில் அவள் சுண்டுவிரலை மட்டும் பிடித்தார்.

“சர்தான். இன்னிக்கி ஒன்னு” என்றாள். தேற்றவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

பிறகு தினமும் துண்டு விழுந்தது. இரண்டு என்றால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அனுப்புவாள். மூன்று வந்த நாளில் தானாகவே சவரம் செய்துகொண்டார். ஒரு நாள் நான்கு விரலை இறுக்கினார்.

“பொய் வெல. கை சில்லுன்னு இருக்குது, என்கிட்டயேவா?”

கல்லு மூஞ்சி சிரித்துவிட்டது.

தை பிறந்ததும் சந்தைக்குக் கிளம்பினார். அமிர்தமும் பஸ் ஏறினாள். சந்தையில் டீக்கடை ஓரம் நின்றுகொண்டாள். தரகர் வேடியப்பன் கண்ணாயிரத்தை வழிமறித்தார்.

“இன்னாப்பா, ஆளையே காணோம்?”

அமிர்தம் மூச்சைப் பிடித்தாள். ‘ஒன்னுமில்ல’ வரப்போகிறது.

“மனசு சரியில்லப்பா. மாத்திர சாப்ட்டுக்கினு இருக்கேன்” என்றார் கண்ணாயிரம், நாலு பேர் திரும்பிப் பார்க்கும் குரலில். ஒரு ஜோடி எருதுக்கு விலை முடித்துக் கொடுத்தார். முடிந்ததும் கூட்டத்துக்கு மேலாக அவளைத் தேடினார்.

“அமிர்தம்! நாலு! நெஜ வெல!”

“எந்த மாட்டுக்குப்பா?” என்றார் வேடியப்பன்.

கண்ணாயிரம் துண்டைத் தோளில் எறிந்துவிட்டு வெறுங்கையை உயரத் தூக்கினார். வெயிலில் நான்கு விரல்கள் விரிந்து நின்றன. கட்டைவிரல் மட்டும் மடங்கியிருந்தது.