படுத்தால் வலிக்காத இடுப்பு

அந்தச் சீருடை தைக்கும் கம்பெனியில் அவளுக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது, சம்பளச் சீட்டில் அச்சடிப்பதற்கு. மற்றபடி எல்லோருக்கும் அவள் காலரக்கா. பதினாலு வருஷமாகச் சட்டையின் காலரை மட்டுமே தைக்கிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவதாம்? "முழுச் சட்டை எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வாயும் ஓயாது, கையும் ஓயாது. ஓய்ந்துபோனது இடுப்புதான்.

ஆறு வருஷம் ஆயிற்று. வலது பக்கம், இடுப்பெலும்புக்குச் சற்று உள்ளே தள்ளி ஒரு இடம். மெஷின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், அங்கே குடைச்சல் ஆரம்பித்துவிடும். பிறகு தொடை வழியாக இறங்கிக் கெண்டைக்காலில் போய் நிற்கும். எழுந்து நாலு எட்டு நடந்தால் குறையும். படுத்தால் போயே போய்விடும். மறுபடி உட்கார்ந்தால், சொல்லி வைத்த மாதிரி மறுபடி வரும்.

தைலம் தேய்த்தாள், வெந்நீர்ப் பை வைத்தாள், பெல்ட் வாங்கிக் கட்டினாள். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் வந்தது ஒரே பதில்: "ஒண்ணுமில்லம்மா."

இந்த வார்த்தை மேல் எனக்கே ஒரு கோபம் உண்டு. குழந்தை தடுக்கி விழுந்தால் தூக்கி மண்ணைத் தட்டிவிட்டு "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறோமே, அது ஆறுதல். அதையே ஒருத்தியிடம் ஆறு வருஷம் சொல்லிப் பாருங்கள். "நீ பொய் சொல்றே" என்று மரியாதையாகச் சொல்வதுதான் அது, வேறென்ன?

அவள் புருஷன் லிப்ட் மெக்கானிக். கெட்டவன் இல்லை, ஐயோ, அப்படி நினைத்துவிடாதீர்கள். காலையில் அவளுக்கும் சேர்த்துச் சாப்பாட்டு டப்பா கட்டுகிறவன். ஆனால் பழுது என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் அவனுக்கு. "ரெண்டு படம் எடுத்தாச்சு, ரெண்டுலயும் ஒண்ணுமில்ல. மெஷின் பொய் சொல்லுமா?" என்பான். அவன் அக்காவோ அதற்கும் ஒரு படி மேல். "அது மனசுல இருக்கிற வலி. வேலைக்குப் போகப் பிடிக்கலைன்னா உடம்பு இப்படித்தான் பண்ணும்" என்று போனில் விளக்கம் சொன்னாள். காலரக்காவுக்குக் கோபம் வந்தது. கோபம் போனதும் வந்ததுதான் மோசம்: ஒருவேளை அப்படித்தானோ என்று அவளுக்கே சந்தேகம் தட்டியது.

பஸ்ஸில்தான் பெரிய வம்பு. காலி இடம் இருந்தாலும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "இத்தனை இடம் கிடக்கு, உக்காரேன்! பாக்கிறவங்க நாம சண்டை போட்டுட்டு வர்றோம்னு நெனப்பாங்க. மானம் போகுது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுப்பான் புருஷன். அவளும் காலை நீட்டி, முன்சீட்டுக் கம்பியில் கவிழ்ந்து உட்கார்ந்துவிடுவாள். இறங்கும்போது காலை இழுத்துக்கொண்டு இறங்குவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கையில் கம்பெனியில் துணி வெட்டும் பிரிவில் ஒரு இடம் காலியானது. முழுக்க நின்று பார்க்கிற வேலை. மற்றவர்களுக்கு அது தண்டனை, இவளுக்கு வரம். ஓடிப்போய் மேனேஜரிடம் கேட்டாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "தரலாம்மா. நீங்க அரை மணிக்கு ஒருக்கா எழுந்து நடக்கிறதால லைனே நிக்குது, எனக்கும் தலைவலிதான். ஆனா டாக்டர் சீட்டுல ஏதாவது எழுதியிருக்கணுமே? ஒண்ணுமில்லைன்னு எழுதின சீட்டை வச்சுக்கிட்டு உங்களை எப்படி மாத்துறது? மாசக் கடைசிக்குள்ள கொண்டு வாங்க. இல்லைன்னா வேற ஆள் போட்டுருவேன்."

மூன்றாவது தடவையாகப் படம் எடுக்கப் போனாள். அதே ஆஸ்பத்திரி, அதே குழாய் மாதிரியான ஸ்கேன் மெஷின். மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலுக்கடியில் தலையணை கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். உள்ளே படபடவென்று அத்தனை சத்தம். அவள் அதிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். முடிந்து வெளியே இழுத்தபோது ஸ்கேன் எடுக்கும் பெண்ணிடம் சோம்பல் முறித்துக்கொண்டே சொன்னாள்:

"இங்கேயே ஒரு வாரம் விட்டுடேம்மா. இதுல படுத்தா வலியே இல்ல."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "படுத்தா வலிக்காதா? அப்போ எப்பக்கா வலிக்கும்?"

"உக்காந்தாதான். உக்காந்தா உயிர் போகும்."

"அடக் கடவுளே! அப்போ உங்களைப் படுக்க வச்சு என்னத்தக்கா பாக்குறோம் நாங்க?"

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு வருஷத்தில் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள்! "நான் டாக்டர் இல்லக்கா. ஆனா இதை இப்படியே, ஒரு வார்த்தை மாத்தாம அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண்.

சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"எங்க வலிக்குதுன்னு கேட்டீங்க, சொன்னேன். எப்ப வலிக்காதுன்னு யாரும் கேக்கலையே, சார்."

டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. "முதுகு வலின்னு வர்றவங்கள்ல பல பேருக்கு ஸ்கேனே தேவைப்படாது. உங்களுக்குத் தேவைதான், ஆனா வேற மாதிரி" என்று சொல்லி, இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். அங்கே உட்கார வைத்தே எடுக்கிற எம்.ஆர்.ஐ. இருந்தது. கத்தி கிடையாது, கதிரும் கிடையாது, வெறும் காந்தம்தான்.

புருஷன் லீவு போட்டுக் கூட வந்தான். "இதுலயும் ஒண்ணும் இல்லைன்னா?" என்று வழியில் ஒரே ஒரு தடவை கேட்டான். அந்தக் கேள்விதான் மூன்று நாளாக அவளைத் தூங்கவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

காந்தம் இருக்கிற அறை என்பதால் உலோகம் ஏதும் உடம்பில் இருக்கக்கூடாது என்றார் அங்கிருந்த ஸ்கேன்காரர். தையல்காரியிடம் போய்ச் சொன்னால்? சேலை ஓரத்தில் செருகியிருந்த ஊக்கு நாலு, குண்டூசி ஆறு, நூல் கோர்த்தபடியே ஒரு ஊசி எல்லாம் தட்டில் விழுந்தன. "போதுமா, இன்னும் தையல் மெஷினும் உள்ள இருக்கா?" என்று கேட்டார் அவர். அவளுக்குச் சிரிப்பு வந்து பயம் கொஞ்சம் தணிந்தது.

இரண்டு வெள்ளைச் சுவர் மாதிரி நின்றது மெஷின். நடுவில் ஒரு இருக்கை. "எப்படி உக்காந்தா வலிக்குமோ அப்படி உக்காருங்கம்மா. வலி வந்ததும் சொல்லுங்க, எடுத்துடலாம்."

வலிக்கிற மாதிரி உட்காரச் சொல்லி உலகத்தில் யாரும் அவளைக் கேட்டதில்லை. உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று, கால் மணி ஆயிற்று. வலி வரவில்லை. அரை மணி தாண்டியது. ம்ஹூம்! கூப்பிடாமலே ஆறு வருஷம் வந்த சனியன், இன்றைக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறதே! வெளியே புருஷன் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் போய் என்னவென்று சொல்வது? அக்காக்காரி சொன்னதுதான் நிஜமா?

அப்போது குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். இரண்டும் சேர்ந்து, பின்னால் மடங்கி, விருந்தாளி வீட்டில் உட்கார்ந்த மாதிரி அடக்கமாக இருந்தன. அட முட்டாளே! இப்படியா காலர் தைப்பாய்?

"சார், வலது காலை நீட்டி மிதிக்கிற மாதிரி ஏதாவது வேணும். பெடல் மாதிரி."

அவர் ஒரு ஸ்பாஞ்சுக் கட்டையைக் கொண்டுவந்து வைத்தார். அவள் வலது காலை முன்னால் நீட்டி அதன்மேல் வைத்தாள். இடுப்பை வளைத்து, தலையைக் கவிழ்த்து, கண் எதிரே ஊசி ஓடுவதாக நினைத்து, இரண்டு கையாலும் இல்லாத காலரைப் பிடித்தாள். ஐந்து நிமிஷம். ஏழு நிமிஷம். வலது பக்கம் குடைய ஆரம்பித்தது. தொடைக்கு இறங்கியது.

"வந்துடுச்சு! சார், வந்துடுச்சு!" பிரிந்துபோன சொந்தக்காரர் வாசலில் வந்து நின்ற மாதிரி கத்தினாள்.

"சந்தோஷம்மா, ஆடாதீங்க! நாலே நிமிஷம்."

நாலு நிமிஷம் என்றால் அவள் கணக்கில் ஐந்து காலர். பல்லைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் தைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. ஐந்தாவதின் முனையைத் திருப்பி முடிக்கையில் சத்தம் நின்றது.

சாயங்காலம் அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். "இது படுத்திருக்கும்போது எடுத்தது. எலும்பெல்லாம் வரிசையா இருக்கு, பாருங்க. இது இன்னைக்கு எடுத்தது. இந்த எலும்பு மட்டும் கொஞ்சம் முன்னால நழுவுது. நழுவும்போது பக்கத்துல போற நரம்பை அழுத்துது. நேரா படுத்ததும் தன் இடத்துக்குப் போயிடுது. அதனாலதான் யாருக்கும் தெரியல."

"அப்போ இருக்கா, டாக்டர்?" என்று கேட்டாள் காலரக்கா.

"இருக்கும்மா."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து டாக்டரம்மாவே குழம்பிப்போனார். வியாதி இருக்கிறது என்று சொன்னால் இப்படியா சிரிப்பார்கள்? ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பார்கள், நின்று செய்கிற வேலைக்கு மாறினால் நல்லது, பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும், மூன்று மாசம் கழித்துப் பார்க்கலாம் என்றார். மேனேஜருக்கும் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

புருஷன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "காலி லிப்ட்" என்றான்.

"என்னங்க?"

"லிப்ட் ரிப்பேர்னு கூப்பிடுவாங்க. போய்க் காலியா ஓட்டிப் பாத்தா நல்லா ஓடும். ஆள் ஏறினாத்தான் இடிக்கும். பாரத்தோட ஓட்டிப் பாக்காம எந்த மெக்கானிக்கும் நல்லாயிருக்குன்னு சொல்ல மாட்டான். இருபது வருஷமா இதைத்தானே பண்றேன்!" அவன் படத்தின் மேல் விரலை வைத்தான். "உன்னைத்தான் காலியா ஓட்டிப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டிருந்திருக்கேன்."

"சரி, விடுங்க" என்றாள். உடனே, "இல்ல, விடாதீங்க. உங்க அக்காவுக்குப் போன் போட்டு இதை அப்படியே சொல்லுங்க" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் பாதி இடம் காலி. நின்றால் அவன் கிசுகிசுப்பானே என்ற பழக்கதோஷத்தில் அவள் ஒரு சீட்டில் உட்காரப் போனாள். அவன் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். பையை வாங்கிச் சீட்டில் வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் தானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தனை இடம் கிடக்கே, ரெண்டு பேரும் எதுக்கு நிக்கிறீங்க?"

"என் பொண்டாட்டிக்கு உக்காந்தா இடுப்பு வலிக்கும்ங்க" என்றான் அவன், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.