மூன்றாம் நாள் வரும் பூட்டம்மா

"இன்னிக்கு எத்தனாவது நாளு?"

மூன்றாம் படுக்கையின் மருந்துச் சீட்டை எடுத்தபடி பூட்டம்மா கேட்கிறார். காலை வணக்கம் சொன்ன இளம் டாக்டருக்குக் கிடைத்த பதில் வணக்கம் அதுதான். டாக்டர் விரல் விட்டு எண்ணுகிறார்.

"நாலு, மேடம்."

"காய்ச்சல்?"

"ரெண்டு நாளா இல்ல."

"ரத்த டெஸ்ட்டுல கிருமி வளந்துச்சா?"

"வளரல."

"அப்புறம் பெரிய ஊசி யாருக்கு ஓடுது? அவருக்கா, உங்களுக்குத் தூக்கம் வர்றதுக்கா?"

டாக்டர் திருட்டு முழி முழிக்கிறார். பூட்டம்மாவின் சிவப்புப் பேனா சீட்டில் அந்த ஊசியின் பெயர் மேல் ஒரு கோடு இழுக்கிறது. டாக்டர் அதன் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

இரத்தப் புற்றுநோய் வார்டின் மருந்தாளுநர் பூட்டம்மா. ஐம்பது வயது, ஐந்தடிக்கும் குறைந்த உயரம், மாடிப்படியில் வரும்போதே கேட்டுவிடும் செருப்புச் சத்தம். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. வலுவான ஆன்டிபயாடிக் மருந்துகள் இருக்கும் அலமாரியின் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவதால், வார்டு முழுக்கப் பூட்டம்மாதான். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை.

கஞ்சம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. கீமோ முடிந்து வெள்ளையணுக்கள் அடியோடு விழுந்துபோன நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால், ஒரு மணி நேரத்துக்குள் அந்த அலமாரியின் பெரிய ஊசி ஏறியாக வேண்டும். தாமதித்தால் ஆள் கையை விட்டுப் போய்விடுவார். அப்போது பூட்டம்மா மருந்துப் புட்டியோடு, லிப்டுக்குக் கூடக் காத்திராமல், படியில் ஓடுவார். "மொத நாள் அள்ளிக்கோங்க. மூணாம் நாளுக்கு மேல கிள்ளித்தான் குடுப்பேன்" என்பார்.

உறவினர்களுக்கு இது பிடிபடுவதில்லை. பெரிய மருந்து என்றால் பெரிய பாசம் என்று நினைக்கிறார்கள். ஒரு மாமனார், மருமகனுக்காக, வீட்டில் மிச்சமிருந்த மாத்திரைகளை பிஸ்கட் டப்பாவில் ஒளித்துக் கொண்டுவந்தார். பூட்டம்மா டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கினார்.

"ஏங்கய்யா, பிஸ்கட் எப்பலேருந்து கலகலங்குது?"

மாமனார் அசடு வழிந்தார்.

"போன தடவ பாதியில விட்ட மாத்திர. இப்ப மீதிப் பாதி. கிருமிக்கு டியூஷன் எடுக்குறீங்களா?"

இந்தக் கேலிக்கெல்லாம் அடியில் ஒரு தச்சர் இருக்கிறார். போன வருடம் வந்தவர். வேறெங்கோ, காய்ச்சல் போன பிறகும் மூன்று வாரம் பெரிய ஊசி போட்டுக்கொண்டவர். அவர் ரத்தத்தில் வளர்ந்த கிருமியைச் சோதித்த ஆய்வகத் தாளில் பன்னிரண்டு மருந்துகள் இருந்தன. பன்னிரண்டுக்கு நேரேயும் 'வேலை செய்யாது' என்று எழுதியிருந்தது; கிருமி எல்லாவற்றுக்கும் பழகிவிட்டிருந்தது. அலமாரி நிறைய மருந்து, கொடுக்க ஒன்றுமில்லை. தச்சர் இறந்துபோன அன்று பூட்டம்மா மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

இந்த வாரம் வார்டே அவரை வேடிக்கை பார்க்கிறது. ஏழாம் படுக்கையில் இருப்பவர் அவருடைய கூடப் பிறந்த அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கீமோவுக்குப் பிறகு திங்கட்கிழமை காய்ச்சல் நூற்று மூன்றைத் தொட்டது. இருபதே நிமிடத்தில் ஊசி ஏறியது. ஓடிய ஓட்டத்தில் பூட்டம்மாவின் செருப்பு ஒன்று இரண்டாம் மாடியிலேயே நின்றுவிட்டது.

இன்று வியாழன். காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆய்வகத் தாளும் வந்துவிட்டது. அக்காவின் ரத்தத்தில் இருந்த கிருமி சின்ன மருந்துக்கே சாகும்.

இளம் டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இவங்களுக்கு மட்டும் இன்னும் நாலு நாளு ஓடட்டுமே மேடம். நாங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்."

பக்கத்துப் படுக்கைகளில் தலைகள் திரும்பின. பிஸ்கட் மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்" என்று மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்.

பூட்டம்மாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. "சரி, ஓடட்டும்" என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது.

"என்னடி, என் மருந்தையும் புடுங்கப் போறியா?" என்றார் அக்கா.

"இன்னும் ரெண்டு ரவுண்டு கீமோ பாக்கி இருக்குக்கா. அப்பவும் காய்ச்சல் வரும். அன்னிக்கு இந்த ஊசி வேல செய்யணும்."

"இப்பச் சின்னது போதும்னு நிச்சயமாத் தெரியுமா?"

"தாள் சொல்லுது."

"தாள விடு. நீ என்ன சொல்ற?"

"போதும்னுதான் சொல்றேன். ஆனா பயமா இருக்குக்கா."

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை வார்டு கேட்டதேயில்லை. மாமனார்கூடத் தலைகுனிந்துகொண்டார்.

சிவப்புப் பேனா சீட்டில் பெரிய ஊசியின் பெயர் மேல் பாதிக் கோடு இழுத்து நின்றது. அக்கா, ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் தூக்கித் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தார். அப்படியே வலது பக்கம் நகர்த்தி, கோட்டைக் கடைசிவரை இழுத்து முடித்தார்.