மே மாதத்துக்காக நான் பேசியது

திருவட்டாறுக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் தொடக்கப் பள்ளியில், ஒரு பிப்ரவரியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. கோடை விடுமுறையை இரண்டு வாரமாகக் குறைத்து, மிச்ச நாட்களை வருடம் முழுக்கப் பிரித்துக் கொடுக்கலாமா என்று கல்வித் துறையிலிருந்து எங்களிடம் அபிப்பிராயம் கேட்டிருந்தார்கள். அதை உரக்க எதிர்த்தவள் நான்தான்.

"தகரக் கூரைக்குக் கீழ மே மாசம் பிள்ளைகள இருத்தி வச்சா வாடிப் போவும். ஓடிச்சாடி விளையாட ரெண்டு மாசமாவது வேண்டாமா?" என்றேன்.

சொன்னது பொய்யில்லை. சொல்லாதது ஒன்று இருந்தது. என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வருடத்தில் ஒரு மாதம், மே மாதம்தான் ஊருக்கு வருவார். என் பிள்ளைகள் அப்பாவோடு முழு நாள் இருப்பது அப்போது மட்டும்தான்.

பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அவளுடைய மகள் என் நாலாம் வகுப்பில் படித்தாள். புருஷன் விட்டுப்போய் மூன்று வருடம். எங்கள் பக்கத்தில் அண்டியாபீஸ் என்று சொல்லும் முந்திரி ஆலையில் அவளுக்கு வேலை.

"டீச்சரே, ஸ்கூல் உண்டெங்கி மத்தியானம் சோறு உண்டு, பிள்ளையப் பாக்க ஆளு உண்டு. ரெண்டு மாசம் அடச்சுப் போட்டா நான் எங்க கொண்டு விடுவேன்?"

"சொந்தத்துல ஆரும் இல்லியா?"

"இருந்தா நான் இங்க எந்திச்சு நிப்பனா?"

யாரோ சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். கை தூக்கச் சொன்னபோது பெரும்பாலானவர்கள் நீண்ட விடுமுறைக்கே தூக்கினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மே மாதம் கணவர் வந்தார். பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போனோம், கடற்கரைக்குப் போனோம். மூன்றாம் வாரம் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்காக ஆசிரியர்கள் வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறிய வீடு. வெளியே பூட்டு தொங்கியது. ஆளில்லை என்று திரும்பியபோது ஜன்னலிலிருந்து குரல் கேட்டது.

"டீச்சரே! ஸ்கூல் தெறந்தாச்சா?"

என் வகுப்புப் பிள்ளைதான். இடுப்பில் மூன்று வயதுத் தம்பி.

"இல்ல மக்கா. அம்மை எங்க?"

"அண்டியாபீசுக்குப் போயாச்சு. அஞ்சு மணிக்கு வருவா."

"ஏதாவது தின்னியா?"

"கஞ்சி இருக்கு. சூடாக்கணும்."

சூடாக்கணும் என்று அவள் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. பையில் இருந்த பிஸ்கட் பொட்டலத்தைக் கம்பி வழியாகக் கொடுத்தேன். "தீயப் பாத்து வை" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அன்று எங்களுக்கு ஒரு விருந்து இருந்தது. சாயங்காலம் அந்த அம்மாவுக்குப் போன் பண்ண நினைத்தேன். பண்ணவில்லை.

மூன்றாம் நாள் தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொன்னார். அடுப்பிலிருந்து இறக்கும்போது கஞ்சிப் பானை சரிந்து தம்பி மேல் கொட்டிவிட்டது. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து அவள் அலறியிருக்கிறாள். தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் ஓடிவந்து கல்லால் பூட்டை உடைத்திருக்கிறார்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு நான் தனியாகப் போனேன். அந்தப் பெண் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் "நீயெல்லாம் ஒரு தாயா" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும், நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே, "நான்தான் கொட்டினேன் டீச்சரே" என்றாள்.

"ஏட்டி, சும்மா இரி" என்றாள் என் பின்னாலேயே வந்த தாய். "ஆரு வந்தாலும் இதையேதான் சொல்லுதா."

எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நான் அண்ணைக்கு வீட்டுக்கு வந்தேன். பூட்டியிருந்ததப் பாத்தேன்."

தாய் என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும்தான் பாத்தாவ டீச்சரே. ஆரும் ஒண்ணும் கேக்கல்ல."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தை பிழைத்தது. ஆனால் இடது கை முழங்கையில் மடங்கி ஒட்டிப்போனது. என் கணவர் மாதக் கடைசியில் விமானம் ஏறினார். அந்த மே என் பிள்ளைகளுக்கு நல்ல மே. இன்றும் யாராவது கேட்டால் நீண்ட விடுமுறை தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. சரி என்று சொல்லவும் வராது.

ஜூன் இரண்டாம் வாரம் தாயும் மகளும் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார்கள். மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்ய இடம் கிடைத்திருக்கிறதாம், பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளலாமாம். சான்றிதழை நான்தான் எழுதினேன். விலகும் காரணம் என்ற இடத்தில் 'குடும்பம் இடம் மாறுகிறது' என்று எழுதினேன்.

மகள் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அங்க ஸ்கூல்ல லீவு எத்ர நாளு டீச்சரே?"

"எல்லா எடத்துலயும் ஒண்ணுதான் மக்கா."

அவள் தலையாட்டினாள். அவர்கள் பஸ்ஸுக்குப் போனார்கள். எனக்கு வகுப்பு இருந்தது.