சுவைக்காமல் எழுதிய ஒயின்

'முழு உடல் கொண்டது. தோல் மூக்கு. நீண்ட முடிவு.'

மும்பையிலிருந்து என் தங்கை அனுப்பிய வரிகளைக் கைப்பேசியில் பார்த்து உரக்கப் படித்தேன். அடுப்படியில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள்.

"யாருக்க உடம்பு? போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டா?"

"ஒயினாக்கும்" என்றேன்.

"செத்தது ஒயினா, தமிழா?"

தங்கை பணிபுரியும் நிறுவனம், ஒயினைத் தேர்ந்து வாங்க உதவும் செயலி ஒன்றை நடத்துகிறது. ஒவ்வொரு புட்டியையும் சுவைத்து, அது எத்தகையது என்று வாங்குவோருக்கு எழுதிச் சொல்வது அவள் தொழில். நாங்களோ நாஞ்சில் நாட்டு நெல்வயல்களை நம்பி வாழ்ந்த சைவக் குடும்பத்தார். மது என்னும் சொல்லையே வீட்டுக்குள் தணிந்த குரலில்தான் சொல்வோம். யாரேனும் கேட்டால் 'சாப்பாட்டுக் கம்பெனி' என்று சொல்லிவிடும்படி அவள் வேண்டியிருந்தாள். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்த நான், அந்தப் பொய்யை மட்டும் பிழையின்றிச் சொல்லிவந்தேன். என் மனைவியின் தம்பி ஒவ்வொரு திருமணப் பந்தியிலும் அவள் வேலையைப் பற்றிக் கேட்பார். நானும் மாறாமல் அதையே சொல்வேன்.

செயலியைத் தமிழிலும் கொண்டுவர வேண்டும் என்று அலுவலகத்தில் வாதாடியவள் அவள்தான். மேலாளர் ஒரு தேர்வு வைத்தார். தமிழர் பன்னிருவர் முன் பெயர் மறைத்த ஐந்து குவளைகளும் ஐந்து தமிழ்க் குறிப்புகளும் வைக்கப்படும். எந்தக் குறிப்பு எந்தக் குவளைக்குரியது என்று அவர்கள் சொல்ல வேண்டும்; ஒரே குவளையை இரு குறிப்புகளுக்குச் சொன்னாலும் தடையில்லை. நான்கு குறிப்புகளையாவது பெரும்பாலோர் சரியாகச் சேர்த்தால் தமிழ் உண்டு, இல்லையேல் இல்லை. மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்று ஆங்கிலக் குறிப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தந்ததைத்தான் நான் மேலே படித்தேன்.

"தமிழ்ல நடக்கும்னு அத்தனை பேருக்க முன்னால சொல்லிட்டேன், அண்ணா. நடக்கலேன்னா அந்த ரூம்ல இனி நான் வாயைத் திறக்க முடியாது. நீங்க எழுதித் தருவியளா?"

"நான் குடிக்க மாட்டேன்."

"குடிக்கச் சொன்னேனா? நான் குடிச்சுச் சொல்லுகேன். நீங்க எழுதுங்க."

ஒயினுக்குச் சங்கப் பாடல்களில் வரும் 'தேறல்' என்று பெயரிடலாம் என்றேன். "அப்படிப் போட்டா பரீட்சைக்குப் படிக்கவன்தான் வாங்குவான்" என்றாள். விட்டுக்கொடுத்தேன். நான் விட்டுக்கொடுத்த சொற்கள் மிகச் சில. அவற்றுள் இதுவும் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் வேலை நடந்தது. சாப்பாட்டு மேசையில் நெல்லிக்காய், நாவற்பழம், பச்சைப் பாக்கு, கொல்லாம்பழம் என்று நாங்கள் சொல்லும் முந்திரிப்பழம், குடம்புளி, கிராம்பு எனத் தட்டுத் தட்டாகப் பரப்பி, கைப்பேசியை ஒரு செம்பில் சாய்த்து வைப்போம். திரையில் அவள் ஒரு மிடறு பருகுவாள். இங்கே நான் ஒன்றைக் கடிப்பேன். "அது இல்ல. அதைவிடக் கொஞ்சம் கனிஞ்சது" என்பாள். வேறொன்றைக் கடிப்பேன். இரண்டு நாவும் ஓரிடத்தில் சந்தித்தபின்தான் எழுதுகோலைத் தொடுவேன்.

முதல் நாளே ஒரு சிவப்பு ஒயினில் அவள் சிக்கிக்கொண்டாள்.

"நாக்கு வறண்டு, பல்லுல ஒட்டிப் பிடிக்கது மாதிரி... இங்கிலீஷ்ல அதுக்கு டானின்னு, தோல் பதப்படுத்துற சரக்குக்க பேரை வச்சிருக்கான், மைனி."

வாழைப்பூ மடல் ஒன்றைக் கிள்ளி வாயிலிட்டிருந்த என் மனைவி, "துவர்ப்புன்னு சொல்லுட்டி. இதுக்கா இவ்வளவு கஷ்டம்?" என்றாள்.

திரையில் தங்கை குவளையைக் கீழே வைத்தாள். பின்னர் சிரித்தாள். உலகின் பெரிய சுவைஞர்களெல்லாம் சுற்றி வளைத்துச் சொல்வதை, அடுப்படியில் நின்றபடி ஒரே சொல்லில் சொல்லிவிடும் மொழி எங்களுடையது. அத்துடன் நிற்கவில்லை. பாக்கின் துவர்ப்பு நாவை இறுக்கும். நாவற்பழத்தின் துவர்ப்பு இனிப்போடு வரும். முந்திரிப்பழத்தின் துவர்ப்பு தொண்டையில் நின்று காறும். ஐந்தில் சிவப்பாயிருந்த மூன்று ஒயின்களையும் இம்மூன்றால் பிரித்து எழுதினேன். அன்று எனக்கிருந்த பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

ஐந்து குறிப்புகளும் முடிந்தன. ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் சரிபார்த்தேன். கூடவே, செயலியில் தங்கை காட்டிய வேறு சில வரிகளையும் திருத்தினேன். வீட்டுக்கு மது அனுப்பத் தடையுள்ள ஊர்களில் இருப்போர் வாங்க முயன்றால், 'உங்கள் இருப்பிடம் சேவை செய்யப்படவில்லை' என்று வரும். அதை, 'உங்கள் ஊருக்கு இதைக் கொண்டுவந்து தர எங்களுக்கு உரிமை இல்லை. பொறுத்தருள்க' என்று மாற்றினேன்.

தேர்வுக்கு முந்தைய நாள், சுவைக்க வரும் பன்னிருவரின் சொந்த ஊர்களைத் தங்கை வாசித்தாள். சென்னை, கோவை, மதுரை, வேலூர் என்று பட்டியல் நீண்டது.

என் மனைவி கேட்டாள்: "இதுல மட்டிப்பழம் தின்னவங்க யாரு?"

ஒரு வெள்ளை ஒயினுக்கு 'மட்டிப்பழத்தின் மணம்' என்று எழுதியிருந்தேன். எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு முதலில் மசித்து ஊட்டும் சிறு வாழைப்பழம் அது. பால் மறந்த நாள் முதல் வாயிலிருந்த சுவை என்பதால், அதை அறியாத தமிழரும் இருப்பர் என்பது அண்ணனுக்கும் தோன்றவில்லை, தங்கைக்கும் தோன்றவில்லை. அரிய சொல்லையெல்லாம் ஐயுற்ற நான் அதை ஐயுறவே இல்லை.

"ஒரு குலையை ரயில்ல ஏத்தி விடட்டா?" என்றேன்.

"செயலி பாக்கவன் வீட்டுக்கெல்லாம் குலை அனுப்புவியளா?" என்றாள் தங்கை. "விடியக்காலம் அச்சடிக்கணும், அண்ணா."

மனைவி ஒரு மட்டிப்பழத்தை உரித்து முகர்ந்தாள். "குலை பழுத்துக் கிடக்க முறிக்குள்ள, கதவு தொறந்த உடனே ஒரு மணம் வரும்லா. அதை எழுதுங்க. வாழைக்குலை பாக்காதவன் உண்டா?"

எழுதினேன்: 'வாழைக்குலை பழுத்திருக்கும் அறையைத் திறந்ததும் வரும் மணம். வாயில் தேனாய்த் தொடங்கி, இறுதியில் மெல்லிய புளிப்பாய் முடியும்.'

மறுநாள் மாலை நான்கு மணிக்கு அழைப்பு வந்தது.

"நாலு" என்றாள். அழுதிருக்கிறாள் என்பது தெரிந்தது. "சரியா நாலு, அண்ணா. வாழைக்குலையைப் பன்னிரண்டு பேரும் கண்டுபிடிச்சாச்சு. மேனேஜர் எழுந்து நின்னு கையைத் தட்டினாரு."

"எது போச்சு?"

"உங்களுக்க நாவல் மரம்."

நான் மிக உயர்வாக எண்ணியிருந்த குறிப்பு அது. 'கார்காலத்து நாவல் மரத்தடியில் நிற்பது போன்றதொரு குளிர்ந்த துவர்ப்பு' என்று, ஓசை நோக்கி மும்முறை திருத்தி எழுதியிருந்தேன்.

"மரத்துக்கடியில நின்னா போதுமா? பழத்தைத் திங்கண்டாமா?" என்றாள் மனைவி. அக்குறிப்பை மறுநாளே எளிதாக்கி அனுப்பினேன்.

அடுத்த மாதம் ஆரல்வாய்மொழியில் ஒரு திருமணம். பந்தியில் பருப்பு விளம்பி முடிவதற்குள் மைத்துனர் வழக்கம்போல் குனிந்தார்.

"அத்தான், தங்கச்சி இப்பவும் அந்தச் சாப்பாட்டுக் கம்பெனிதானா?"

"இல்ல. அவ ஒயினைக் குடிச்சுப் பாத்து, அது எப்படின்னு உலகத்துக்குச் சொல்லுகா. அவ கொண்டுவந்த தமிழ்தான் இதுல இருக்கு" என்று கைப்பேசியை இலைக்கு மேலே நீட்டினேன். அக்கம்பக்கத்து இலைகளில் கைகள் நின்றன.

அவர் இடக்கையில் வாங்கி, வாழைக்குலைக் குறிப்பை மெல்ல வாசித்தார். மீண்டும் ஒருமுறை வாசித்தார். "நம்ம மட்டிப்பழம் போலல்லா இருக்கு" என்று முணுமுணுத்தவர், எவரும் பார்க்கவில்லை என்று எண்ணி, வாங்குவதற்கான இடத்தைத் தொட்டார். பின் அவர் முகம் சுருங்கியது.

"உரிமை இல்லையாம், அத்தான். பொறுத்தருளணுமாம்."

"தெரியும்" என்றேன். "அந்த வரி நான் எழுதினது."