கருத்தம்மா அக்கா வாயைத் திறக்கவில்லை

வாயை மூடிக்கொண்டு இருந்த குற்றத்துக்காக ஒரு பெண்ணைக் கூட்டத்தில் நிற்க வைத்து விசாரித்ததை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? திருப்பூரில் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் நடந்தது. இரண்டாம் பூசை முடிந்த கையோடு, கோயில் ஹாலில், கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப்பேரவை ஆட்கள் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்து விசாரித்தார்கள். நின்றது கருத்தம்மா அக்கா. காரணம் நான், ஆஷா. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவுக்குச் சொந்த ஊர் காளையார்கோவில் பக்கம். கல்யாணம் ஆன சூட்டோடு திருப்பூருக்கு வந்தவர். பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் வேலையில் ஆரம்பித்து, இப்போது செக்கிங் டேபிளில் நிற்கிறார். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் கண்ணில் பட்டால் அந்தப் பீஸைத் தனியே எடுத்துப் போட வேண்டும். கணவர் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். அக்கா ஒரு காலத்தில் பேசாமல் இருந்த நேரமே கிடையாதாம். லைன் வீட்டில் யாருக்குச் சண்டை என்றாலும் நடுவில் போய் நிற்பாராம். எந்தப் பிள்ளை என்ன படிக்க வேண்டும், எந்த மருமகள் மாமியாரிடம் எப்படி நடக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அவரிடம் தீர்ப்பு தயாராக இருக்குமாம். இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவரைத்தான் ஆயரின் மறைமாவட்டம் நடத்தும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஜெபத்தில் கடவுளைத் தேடுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்பதற்கு ஆட்களைத் தயார் செய்யும் பயிற்சி அது. ஆன்மத் துணை என்று பெயர். மாதம் ஒரு சனி ஞாயிறு, இரண்டு வருஷம். மைக் கிடையாது, மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது. அதனால் பேரவையில் ஒருத்தரும் பெயர் கொடுக்கவில்லை. அப்போதிருந்த பங்குச் சாமியார் அக்காவைப் பிடித்து அனுப்பிவிட்டார்.

“மொத மாசம் நாக்கக் கடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்த்தா” என்பார் அக்கா. “எதுக்க ஒருத்தி அழுகுறா. எனக்குப் புத்தி சொல்லணும்னு வாய் நமநமங்குது. சொல்லக் கூடாதாம். ஆண்டவர் அவகிட்ட என்ன பண்றாருன்னு அவளே பாக்குறதுக்கு எடம் விடணுமாம். அன்னிக்கு வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர்ட்ட தக்காளி வெலயப் பத்தி ஒரு பாட்டம் பேசித் தீத்தேன்.”

பயிற்சி முடித்து வந்தவருக்குப் பங்கில் கொடுத்த இடம், கிறிஸ்துமஸ் குடில் சாமான் போட்டு வைக்கும் அறை. ஆட்டுக்குட்டி பொம்மைகளை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டார். ஆரம்பத்தில் ஜனங்கள் எண்ணெய் பாட்டிலோடு வந்து நின்றார்கள். மந்திரிக்கச் சொன்னார்கள், மகன் பாஸாவானா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். “எனக்கு அந்த வரமெல்லாம் இல்லத்தா. உக்காந்து பேசுறதுன்னா பேசு, நான் கேக்குறேன்” என்பார் அக்கா. பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். அக்கா குடியிருக்கும் லைன் வீட்டுக்குச் சொந்தக்காரர் மயிலாள் அம்மா. மாரியம்மனைத் தவிர வேறு யாரையும் கும்பிடாதவர். அவருக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏங் கண்ணு, பொட்டாட்ட உக்காந்து கேக்கறதுக்கா ரெண்டு வருசம் படிச்சுட்டு வந்தே? எங்கூட்டு எருமை படிக்காமயே அதைச் செய்யுமே!”

நான் போனது என் கல்யாணப் பேச்சுக்காக. நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வீட்டில் ராபினைப் பேசி முடித்திருந்தார்கள். பிரிண்டிங் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறவர். குடி இல்லை, கோபம் இல்லை, பூசை தவற மாட்டார். அதுதான் என் தலைவலியே. “அப்படி என்ன கொறையக் கண்ட?” என்று அப்பா கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் தேதி என்று பேச்செடுத்தாலே நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அந்த நாட்களில் ஜெபத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அதைத் தெரியாத்தனமாக ஒரு மடத்து சிஸ்டரிடம் சொல்லித் தொலைத்தேன். “அதுதாம்மா ஆண்டவரோட அழைத்தல், கிளம்பி வா” என்று அவர் இழுக்க ஆரம்பித்தார். வீடு ஒரு பக்கம், மடம் ஒரு பக்கம். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஒரு நாதியில்லை.

அக்காவிடம் போய், “கட்டிக்கவா, மடத்துக்குப் போகவா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கக்கா” என்றேன்.

“ரெண்டையும் ஆண்டவர் முன்னாடி வச்சுப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“பாத்தப்ப ஒனக்கு உள்ளுக்குள்ள என்ன ஆச்சு?”

அவ்வளவுதான் கேட்டார். பதில் வாங்கப் போனவளிடம் கேள்வியா? கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அடுத்த மாதம் நானே திரும்பப் போனேன், அதற்கடுத்த மாதமும் போனேன்.

ஒரு தடவை நான் உட்காருவதற்குள் அக்கா ஆரம்பித்தார். “போன தடவ நீ மடத்தப் பத்திப் பேசுறப்ப நான் தலைய ஆட்டுனேன், பாத்தியா?”

“பாத்தேன்க்கா. மடத்துக்குப் போன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்.”

“அது ஒனக்கு ஆட்டுனது இல்லத்தா, எனக்கு ஆட்டுனது. நானே மடத்துக்குப் போகணும்னு அழுதவதான். எங்கய்யா பிடிச்சுக் கட்டிக்குடுத்துட்டாரு. அந்தப் பழைய ஆச கெடந்து துள்ளிருச்சு. அத நீ கணக்குல வைக்காத.”

இதை அவரே கண்டுபிடிக்கவில்லையாம். அவிநாசிபாளையம் தாண்டி ஒரு சிஸ்டர்கள் இல்லத்தில், அவரையும் சேர்த்து, பயிற்சி முடித்தவர்கள் ஆறு பேர் மாதம் ஒருமுறை கூடுவார்கள். தங்களிடம் வந்தவர்களின் பெயரையோ கதையையோ அங்கே எடுக்கக் கூடாது. கேட்டுக்கொண்டிருந்தபோது தனக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் பேச வேண்டும். “ஒருத்தங்க பேசறப்ப நீங்க எதுக்குங்க தலையாட்டுனீங்க?” என்று மூலனூரிலிருந்து வரும் ஒரு டீச்சர் அக்காவைப் பிடித்துவிட்டாராம். என்னைச் சுற்றியிருந்த பெரியவர்களில், தன் ஆசையை என் தலையில் கட்டாமல் திருப்பி எடுத்துக்கொண்டவர் அக்கா ஒருவர்தான். அன்றைக்கு எனக்கு மூச்சு விட முடிந்தது.

அந்தத் தைரியத்தில் அப்பாவிடம் போய், இப்போதைக்குத் தேதி குறிக்க வேண்டாம், மடத்துக்கும் போகவில்லை, என் மனசு எனக்கே தெளிய வேண்டும் என்றேன். என் அப்பா பொன்னுச்சாமிக்கு மனசு என்றால் காய்ச்சல் மாதிரி ஏதோ ஒன்று. நேராக ஞானாதிக்கத்திடம் ஓடினார். அவர் ராபினுக்குத் தாய்மாமன், தையல் யூனிட் முதலாளி, பேரவையின் துணைத் தலைவரும் அவரே. “கருத்தம்மாதான் புள்ளையக் கெடுத்துட்டா” என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அதற்குத்தான் அந்தக் கூட்டம்.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார வைத்தாள். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. முன்பின் பார்த்தறியாத ஆள் போல நின்றார். எனக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம்தான் புரிந்தது, ஒரு பார்வையில்கூட என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் அவர் திரும்பவில்லை.

“ஆஷா ஒன்ட்ட என்ன பேசுச்சு?” என்றார் ஞானாதிக்கம்.

“யாரு வாராக, என்ன பேசுறாகன்னு நான் சொல்றதுக்கில்லங்கய்யா.”

“கல்யாணம் வேணாம்னு நீ சொன்னியா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு.”

“அதுவும் சொல்றதுக்கில்லங்கய்யா.”

ஒரு ‘இல்லை’ போதும், அவர் தப்பித்திருப்பார். அதுதான் உண்மையும்கூட. அந்த ‘இல்லை’யைச் சொன்னாலும் நான் வந்து பேசியதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அதையும் விழுங்கிக்கொண்டு நின்றார். புதிதாக வந்திருந்த சாமியார், “பெரியவங்க கேக்கறாங்க, இதுல மறைக்க என்னம்மா இருக்கு?” என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, எழுந்துவிட்டேன்.

“ஃபாதர், பாவசங்கீர்த்தனத்துல நான் சொன்ன பாவத்த இவங்க கேட்டா, நீங்க சொல்லுவீங்களா?”

“அது திருச்சபையோட அருட்சாதனம்மா, ரகசியம் காக்கணும். இது சும்மா பேச்சு.”

சும்மா பேச்சாம்! சும்மா பேச்சுக்கு எதற்கு ஐயா இத்தனை நாற்காலி? அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை. “அக்கா, நான் பேசுனதெல்லாம் சொல்லுங்க. எனக்குச் சம்மதம்” என்று கத்தினேன். ஞானாதிக்கத்துக்கு முகமெல்லாம் பல். “அதான் புள்ளையே சொல்லிருச்சுல்ல, இனி என்ன? சொல்லு.”

அக்கா அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. “அந்தப் புள்ள எங்க என்ன பேசுச்சோ, அத அது வாயாலயே சொல்லட்டுங்கய்யா. நான் சொல்ல மாட்டேன். இன்னிக்கு இத்தன பேரு சுத்தி உக்காந்து ஒருத்தியச் சம்மதம்னு சொல்ல வச்சா, நாளைக்கு வாரவளையும் அப்படித்தான் சொல்ல வைப்பீக.”

நானே சொன்னேன். கட்டிக்கோ என்றும் சொல்லவில்லை, கட்டிக்காதே என்றும் சொல்லவில்லை, என் கூட உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான் என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. “ஒண்ணுமே சொல்லலைன்னா அப்புறம் அந்த ரூம் எதுக்கு?” என்று கேட்டு அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். அடுத்த ஞாயிறு பூசையில், மறு அறிவிப்பு வரும்வரை ஆன்மத் துணை கிடையாது என்று வாசித்தார்கள். இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்த மறைமாவட்டத்திலிருந்து, எங்கள் ஆளை எப்படிக் கூட்டத்தில் நிறுத்தினீர்கள் என்று கேட்டு ஒரு போன் வரவில்லை. பழுதான தையல் மெஷினுக்குக்கூட இந்த ஊரில் மெக்கானிக் ஓடி வருவான்.

அன்று கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அக்காவிடமே சண்டைக்குப் போனேன். “ஒரு ‘இல்ல’ சொன்னா என்ன கொறஞ்சா போயிருவீங்க?” அக்கா தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். எத்தனை திருகியும் மூடி வரவே இல்லை. “பயமாத்தான் இருந்துச்சுத்தா” என்றார். நான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

அடுத்து நடந்ததை மயிலாள் அம்மா சொல்லித்தான் கேட்டேன். மாதம் கூடும் அந்தக் குழுவில் மீதி ஐந்து பேரும் பஸ் ஏறி அக்காவைத் தேடி வந்திருக்கிறார்கள். “ஆரும் வாயே தொறக்கல கண்ணு. எழவூட்டுல உக்காந்தாப்பல உக்காந்திருந்தாங்க. ஒரு டீச்சரம்மா மட்டும், ‘உங்குளுக்கு உள்ள எப்படி இருக்குதுங்க’ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான், கருத்தம்மா ஓவென்னு அழுதுபோட்டா. இத்தனை வருசத்துல அவ அழுது நான் பாத்ததே இல்ல. அப்பறம் எல்லாருக்கும் நாந்தான் டீ வச்சுக் குடுத்தேன்.” எருமைக் கதையை அவர் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

சில நாள் கழித்து, கம்பெனி விட்டு வரும்போது அக்கா குடியிருக்கும் மயிலாள் அம்மாவின் காம்பவுண்டிலிருந்து என் அம்மா வெளியே வருவதைப் பார்த்தேன். கூட்டத்தில் என் கையைப் பிடித்து இழுத்தாளே, அதே அம்மாதான். கண்ணெல்லாம் சிவந்து, முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், “காய் வாங்க வந்தேன்” என்றாள். கையில் பைகூட இல்லை.

மறுநாள் காலை அப்பாவுக்குக் காபி கொடுத்துவிட்டு, “இப்ப தேதி குறிக்க வேணாம். அவளாச் சொல்லட்டும்” என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்பாவின் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவள். அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“ஒனக்கு யாரு இதச் சொல்லிக்குடுத்தா?”

“யாரும் ஒண்ணுஞ் சொல்லல” என்றாள் அம்மா.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்கு ஓடினேன். “எங்கம்மா என்னக்கா சொன்னாங்க? என்னப் பத்தித்தானே பேசுனாங்க?”

அக்கா அடுப்பிலிருந்து திரும்பாமலே, “சாப்டியாத்தா?” என்றார்.

“அக்கா, அவங்க என் அம்மா! இது என் கல்யாணம்! என்கிட்டகூடவா சொல்லக் கூடாது?”

“ரசம் சூடா இருக்கு. உக்காரு.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கோயில் ஹாலில் அத்தனை பேர் முன்னால் இவருக்காகத்தானே தொண்டை கிழியக் கத்தினேன்! தட்டை எடுத்து முன்னால் வைத்தார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் சாப்பிட்டேன். அம்மா அன்றைக்கு அங்கே என்ன பேசினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.