பெஞ்சில் ஏறிய காவடி

மாத்தளைத் தியேட்டருக்கு அன்று நானும் அண்ணனும் போயிருந்தோம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கேலரியின் முன்பெஞ்சில், நாங்கள் வழக்கமாகப் போகும் இரத்தோட்டை பஸ்ஸின் கண்டக்டர். நெடிய ஆள், சிரிக்காத முகம். பஸ்ஸில் யார் முணுமுணுத்தாலும், "பாட்டெல்லாம் எறங்கினப்புறம் பாடுங்க" என்று அடக்கிவிடுவார்.

படத்தில் பிரிந்த தம்பதி சேரும் கட்டம். வசனமே இல்லை, கோயிலில் நாம் பாடும் பழைய காவடிச்சிந்தை மட்டும் வைத்திருந்தார்கள். கண்டக்டர் பெஞ்சில் ஏறி, துண்டைத் தோளில் வளைத்து ஆடத் தொடங்கிவிட்டார். பெஞ்சுக்கால் முறிந்தது.

மேனேஜர் ஓடிவந்தார். "வெளியே போங்க!"

"முடிவைப் பாத்துட்டுப் போறேங்க. முருகன் பாட்டை உக்காந்துகிட்டா கேக்குறது?"

"அவரு போனா நாங்களும் போறோம்!" என்று கேலரியே கத்தியது.

"சரி, பெஞ்சுக்குக் காசைக் கட்டிட்டுப் பாருங்க" என்று மேனேஜர் சிரித்துவிட்டார்.

கதாநாயகன் முகம் எனக்கு மறந்துவிட்டது. கண்டக்டர் முகம் மறக்கவில்லை. பெஞ்சுக்காக எல்லோரும் சேர்ந்து போட்டது மூன்று ரூபாய். அதில் ஒரு ரூபாய் மேனேஜருடையது.